ராட்னி பெக் ஆர்வம் காட்டினார்

“அதெல்லாம் இருக்கட்டும். உன் நம்பர் என்ன? அதைச் சொல்லு.”

“நம்பரெல்லாம் இல்லப்பா. வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கேன். அவ்வளவுதான் போட்டிருக்கு.”

“நம்பர் இல்லாம அது எப்படி லிஸ்ட் ஆகும்?”

ராட்னி பெக் மகளின் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். வெதர்பி பல்கலைக்கழகம் ரொம்ப மரியாதையாகத்தான் எழுதியிருந்தது. ஜோலினின் விண்ணப்பம் அருமையாம். அதைப் படித்ததில் அவர்களுக்கு அப்படி ஒரு மகிழ்ச்சியாம். ஆனால் இடம் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காத்திரு என்றது. எத்தனை நாள், எத்தனை பேருக்குப் பின்னால் என்று ஒரு வார்த்தை கிடையாது.

ஜோலின் சாப்பாட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஒன்பது வயதில் அவளைக் கால்பந்து ஆட்டம் பார்க்க அழைத்துப் போனார்கள். அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. இடைவேளையில் மைதானத்தில் அணிவகுத்து வந்த வெதர்பியின் பேண்ட் வாத்தியக் குழுவைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வெதர்பிதான் எல்லாம். அதற்காகவே தன்னைவிடக் கனமான ட்யூபா என்கிற பித்தளை வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் ஊதிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைப்பதை விட்டுவிட்டது.

“அழாதே கண்ணு,” என்றார் ராட்னி. “இல்லைன்னு சொல்லலையே!”

“ஆமான்னும் சொல்லலையே,” என்று மாக்கரோனிச் சட்டியை டொக்கென்று மேஜையில் வைத்தாள் அவர் மனைவி நோரீன். “ஆல்டர் க்ரீக் காலேஜ்ல ஆமான்னு சொல்லிட்டாங்க. அந்த பேண்ட் மாஸ்டரே போன் பண்ணி, ‘வாம்மா, உனக்கு நாற்காலி போட்டு வச்சிருக்கோம்’னு சொன்னார். மே ஒண்ணாந்தேதி சாயங்காலத்துக்குள்ள ‘வர்றேன்’னு பட்டனை அமுக்கலைன்னா அதுவும் போச்சு. முதல்ல அதை அமுக்குடி. வெதர்பி கூப்பிட்டா அப்புறம் பாத்துக்கலாம்.”

அந்த வீட்டில் அந்த வசந்த காலம் முழுக்க இதைவிடப் புத்தியான பேச்சு ஒன்றை யாரும் பேசவில்லை. ஆனால் ராட்னி கேட்டால்தானே!

ராட்னிக்கு மெத்தை வியாபாரம். எங்கள் ஹார்லன் ஊரில் யார் குப்புறப் படுப்பார்கள், யார் ஒருக்களித்துப் படுப்பார்கள், எந்தத் தம்பதி நடுவில் தலையணை வைத்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. தெரியாத விஷயம் ஒன்று மண்டையில் உட்கார்ந்துவிட்டால், கடையில் இருப்பதிலேயே உசத்தியான மெத்தையில் படுத்தாலும் மனுஷனுக்குத் தூக்கம் வராது.

மறுநாள் கடையைத் திறந்ததும் வெதர்பியின் சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

“மேடம், என் பொண்ணு ஜோலின் பெக். அவ எத்தனாவது ஆளு?”

“நாங்க அப்படி வரிசைப்படுத்தறதில்ல சார்.”

“சரி, மொத்தம் எத்தனை பேரு?”

“அதை வெளியில சொல்றதில்ல சார்.”

“போன வருஷம் எத்தனை பேருக்குக் கிடைச்சுது?”

“ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு மாதிரி சார்.”

“கடையில கால் கிலோ ஹாம் கறி வாங்கப் போனாக்கூட கையில நம்பர் சீட்டு குடுக்கறான் மேடம்!”

“உங்க ஆர்வத்துக்கு ரொம்ப நன்றி சார்,” என்று அந்தப் பெண்மணி வைத்துவிட்டாள்.

ஆர்வம்! ராட்னி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை வளாகத்துக்கு வந்து பார்த்ததா, குடும்பம் கேள்வி கேட்டதா என்றெல்லாம் சில பல்கலைக்கழகங்கள் குறித்து வைத்துக்கொள்ளும் என்று ஜோலினின் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். ஆர்வம்தானே வேண்டும்? அது தன்னிடம் கிடங்கு கிடங்காகக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டார் ராட்னி.

சனிக்கிழமை கடைக்கு விடுமுறை விட்டுவிட்டுக் கிளம்பினார். ஜோலினையும் கூப்பிட்டார்.

“நான் வரலப்பா. அந்த இடத்தைப் பார்த்தாலே அழுகை வருது,” என்றாள் அவள்.

இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனால், சேர்க்கை அலுவலகத்தின் கண்ணாடிக் கதவில் ‘வளாகச் சுற்றுலாவுக்கு ஜூன் வரை இடமில்லை’ என்று பலகை தொங்கியது. ராட்னி தொங்கிய முகத்தோடு திரும்பினார். அப்போது நீரூற்றுப் பக்கமாக வெதர்பி என்று மார்பில் எழுதிய சிவப்புச் சட்டையும் தொப்பியுமாக ஒரு வாலிபன், கைகளை வீசி வீசிப் பேசியபடி பின்னோக்கி நடந்து வந்தான். அவன் முன்னால் ஏழெட்டுக் குடும்பங்கள் வாய் பிளந்துகொண்டு வந்தன. எங்கள் நாட்டில் பல்கலைக்கழக வழிகாட்டிகள் எல்லாரும் அப்படித்தான் நடப்பார்கள். இடறி விழுந்தவனை நான் பார்த்ததில்லை. ராட்னி சத்தமில்லாமல் கடைசிக் குடும்பத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டார்.

அவன் பெயர் டெக்ஸ்டர். நூலக வாசலில் இருக்கிற கல் ஆந்தையின் மூக்கைப் பரீட்சைக்கு முன்னால் ஏன் தட்ட வேண்டும், மணிக்கூண்டு ஏன் எப்போதும் நாலு நிமிஷம் பிந்தி ஓடுகிறது, எந்த உணவகத்தில் எந்த நாள் பான்கேக் கருகும் என்று ஒன்று விடாமல் சொன்னான். கூட்டம் கலைந்ததும் ராட்னி அவனை ஓரம் கட்டினார்.

“தம்பி, என் பொண்ணு வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கா...”

டெக்ஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. “வெயிட்டிங் லிஸ்ட்டா? அதை என்கிட்ட கேளுங்க சார். இந்த வளாகத்துல அதைப் பத்தி என்னைவிடத் தெரிஞ்சவன் கிடையாது.”

“அப்படியா! நீயும் அந்த வழியா வந்தவன்தானா?”

“வேற எந்த வழி சார்?”

ராட்னிக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை நாளில் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

“என்ன செய்யணும், சொல்லு.”

“வந்துகிட்டே இருக்கணும் சார். ஒரு தடவை வந்தா வேடிக்கை பார்க்க வந்தவன்னு நினைப்பாங்க. விடாம வந்தா?”

விடாமல் வந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். ஜனங்கள் மெத்தை வாங்குவதே சனிக்கிழமைதான். ஹார்லன்காரர்கள் பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, நெடுஞ்சாலையில் இருக்கிற பெரிய கடைக்குப் போனார்கள். புதன்கிழமைகளிலும் வரத் தொடங்கினார். வளாகத்துக் கடையில் டெக்ஸ்டருடையதைப் போலவே ஒரு சிவப்புச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். டெக்ஸ்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால் கல் ஆந்தைக் கதையை இவர் முணுமுணுப்பார்.

“ராட்னி, காலேஜ்ல சேரப்போறது நீயா, அவளா?” என்றாள் நோரீன்.

“எல்லாம் அவளுக்காகத்தான். நான் வர்றதை அங்க குறிச்சுக்கறாங்க.”

“யாரு குறிச்சுக்கறா?”

இது நல்ல கேள்வி. ராட்னி டெக்ஸ்டரிடம் கேட்டார்.

“எங்கேயோ குறிப்பாங்க சார்,” என்றான் டெக்ஸ்டர். “ஆனா வந்தா மட்டும் பத்தாது. அவங்க உங்களை மறக்கவே கூடாது. அந்த மாதிரி ஏதாவது செய்யணும்.”

மறக்கவே முடியாதபடி என்ன செய்யலாம்? கேக் அனுப்பலாம், தின்றுவிடுவார்கள். பூ அனுப்பலாம், வாடிவிடும். ராட்னி இரண்டு நாள் யோசித்தார். பிறகு, மனுஷன் தனக்குத் தெரிந்ததைத்தானே செய்வான்? சேர்க்கை அலுவலகத் தலைவி மிஸ் ஹார்ட்விக்குக்கு ஒரு மெத்தை அனுப்பி வைத்தார். இரட்டைப் படுக்கை, உள்ளே ஸ்பிரிங், மேலே பஞ்சு. கூடவே ஓர் அட்டை: ‘என் மகள் ஜோலின் பெக் பொறுமையாகக் காத்திருக்கிறாள். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.’

அது ஏதோ மிரட்டல் போல இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றவில்லை.

மெத்தை போய்ச் சேர்ந்த வேளையில் அங்கே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கொண்டுபோனவர்கள் அதை வாசலில் செருகினார்கள். பாதி உள்ளே போனது, பாதி வெளியே நின்றது, அதற்கப்புறம் அசையவில்லை. அன்று முழுக்க மிஸ் ஹார்ட்விக் உட்பட எல்லாரும் பின்பக்கத்துக் குப்பைத் தொட்டி வழியாகத்தான் போக வர முடிந்தது.

மறுநாள் ஜோலின் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாகப் பையை வீசி எறிந்தாள்.

“அப்பா! மெத்தையா அனுப்பினீங்க?”

“ஏன், மிஸ் ஹார்ட்விக்குக்குப் பிடிச்சிருந்துதாமா?”

“‘பரிசுப் பொருள்கள் வாங்கறதில்ல. இனிமே ஏதாவது அனுப்பினா அது உங்க விண்ணப்பத்தைப் பாதிக்கும்’னு எனக்கு எழுதியிருக்காங்க. எனக்கு! நான் என்ன செஞ்சேன்? ரொம்ப யோசிச்சு அழகா ஒரு லெட்டர் எழுதி அனுப்பினேன். இப்ப நான் அங்க மெத்தைப் பொண்ணு!”

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று ட்யூபா சத்தமே இல்லை. ராட்னி மூடிய கதவைப் பார்த்தார். உடனே மன்னிப்புக் கேட்க அலுவலகத்துக்குப் போன் போட்டார். கேட்டுவிட்டு வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

“மேடம், மெத்தையை மறந்துடுங்க. ஆனா நான் இத்தனை தடவை வந்து சுத்திப் பார்த்திருக்கேனே, அதையாவது கணக்குல எடுத்துக்குங்க.”

தட்டச்சுச் சத்தம் கேட்டது. “உங்க பேர்ல ஒரு வருகைகூடப் பதிவாகலையே சார்.”

“எட்டுத் தடவை வந்திருக்கேன் மேடம்! எனக்குக் கல் ஆந்தையோட வயசு தெரியும்!”

“உங்க ஆர்வத்துக்கு ரொம்ப நன்றி சார்.”

ராட்னி பதறிக்கொண்டு டெக்ஸ்டரிடம் ஓடினார். டெக்ஸ்டர் கொஞ்சமும் அசரவில்லை.

“என் விஷயத்துலயும் இதையேதான் சொன்னாங்க சார். நான் விட்டேனா?”

“அதானே!” ராட்னிக்கு மூச்சு வந்தது. “இன்னொண்ணும் கேக்கணும் தம்பி. ஆல்டர் க்ரீக்ல ஒரு இடம் வச்சிருக்காங்க. ஒண்ணாந்தேதிக்குள்ள பட்டனை அமுக்கணுமாம். அமுக்கிட்டே காத்திருக்கலாம்னு என் சம்சாரம் சொல்றா.”

டெக்ஸ்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “அமுக்கலாம் சார், தப்பில்ல. ஆனா வேற இடம் கையில இருக்கறவங்களை இவங்க எதுக்குக் கூப்பிடணும்? நான் அந்த மாதிரி எதுவும் வச்சுக்கலை. இன்னைக்கு எங்க நிக்கறேன், பாருங்க.”

ராட்னி பார்த்தார். வெயிலில் தகதகவென்று மணிக்கூண்டு, பச்சைப் புல்வெளி, நடுவில் சிவப்புச் சட்டையோடு டெக்ஸ்டர். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வீட்டில் பெரிய ரகளை நடந்தது. நோரீன் ஒரு பக்கம், ராட்னி ஒரு பக்கம். நடுவில் ஜோலின். இதற்குள் அவள் ஆல்டர் க்ரீக் பேண்ட் குழுவின் காணொளிகளைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். சின்னக் குழு. அணிவகுக்கும்போது ஒருத்தன் தப்பாகத் திரும்பி எல்லார் மேலும் மோதுகிறான், மொத்தக் கூட்டமும் சிரித்துக்கொண்டே ஊதுகிறது. இவர்கள் எப்படிச் சிரித்துக்கொண்டே ஊதுகிறார்கள் என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். கண்ணாடி முன்னால் நின்று ஊதிப் பார்த்தாள், முடியவில்லை.

“உனக்கு எது வேணும்? நீ சொல்லு,” என்றாள் நோரீன்.

“எனக்குத் தெரியலைம்மா. வெதர்பின்னா இன்னும் வயித்துல ஏதோ பண்ணுது. ஆனா ஒரு வாரமா ஆல்டர் க்ரீக்கும் பண்ணுது.”

மே ஒண்ணாந்தேதி வந்தது. எங்கள் பள்ளிகளில் அன்றைக்கு, கடைசி வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் தாங்கள் சேரப்போகிற கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். ஊதா, பச்சை, மஞ்சள் என்று நடைபாதையே திருவிழா மாதிரி இருந்தது. ஜோலின் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். “நீ எந்தக் காலேஜ்?” என்று கேட்டவர்களிடம் “சலவைக்குப் போட்டிருக்கேன்” என்று சமாளித்தாள். மதியத்துக்கு மேல் தாங்க முடியாமல் வெளியே வந்தாள். பள்ளி வாசலில் அப்பாவின் வண்டி நின்றது. பின்னிருக்கையில் அவளுடைய ட்யூபாவுக்கு சீட் பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தார்.

“ஏறு. கடைசியா ஒரே ஒரு முயற்சி. டெக்ஸ்டர் சொல்லியிருக்கான். மிஸ் ஹார்ட்விக்கோட ஜன்னலுக்கு நேரா புல்வெளியில நின்னு நீ வாசி. நான் படம் எடுக்கறேன். நீ வாசிக்கறதைக் கேட்டுட்டா அவங்களால இல்லைன்னு சொல்ல முடியாது.”

“அப்பா, மெத்தைக்கு அப்புறமுமா?”

“இதை வாசல்ல செருக வேண்டியதில்லைம்மா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் தப்பு. ஏறிவிட்டாள்.

புல்வெளியில் நின்று ஜோலின் வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒன்பது வயதில் கேட்ட அதே அணிவகுப்புப் பாட்டு. புறாக்கள் எழும்பிப் பறந்தன. மிஸ் ஹார்ட்விக்கின் ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. ராட்னியின் இதயம் துள்ளியது. அந்தக் கை ஜன்னலைச் சாத்திவிட்டு மறைந்தது.

“நிறுத்தாதே! வாசி!” என்று கத்தினார் ராட்னி. சிவப்புச் சட்டையோடு செல்போனை உயர்த்திப் பிடித்தார். மகளும் வேண்டும், ட்யூபாவும் வேண்டும், பின்னால் மணிக்கூண்டும் முழுசாக வேண்டும். கூண்டின் உச்சி படத்துக்குள் அடங்கவில்லை. ஓரடி பின்னால் வைத்தார். இன்னும் அடங்கவில்லை. இன்னும் நாலடி வைத்தார்.

“எக்ஸ்க்யூஸ் மீ சார், விடுதி எந்தப் பக்கம்?” என்றது ஒரு குரல்.

எதிரே ஓர் அப்பா, ஓர் அம்மா, ஒரு பையன்.

“அதோ, அந்தச் செங்கல் கட்டடம்,” என்றார் ராட்னி, படத்திலிருந்து கண் எடுக்காமல். “மூணாவது மாடி வேண்டாம்னு சொல்லுங்க, குழாய் சத்தம் போடும்.”

“ஓ! அந்த ஆந்தை என்னது சார்?”

தெரிந்த கேள்வியைக் கேட்டால் வாயை அடக்க ராட்னியால் முடியுமா? சொன்னார். சொல்லச் சொல்லக் கால்கள் தாமாகப் பின்னால் போயின. மூன்று பேர் ஏழு பேரானார்கள். இன்னொரு குடும்பம் பெஞ்சிலிருந்து எழுந்து ஓடி வந்து சேர்ந்துகொண்டது. ஒரு பாட்டி குறிப்பெடுக்கத் தொடங்கினாள். மணிக்கூண்டு நாலு நிமிஷம் பிந்துகிற கதையை ராட்னி கைகளை வீசிச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். வாழ்நாளில் எந்த மெத்தையை விற்கும்போதும் அவர் சொன்னதை இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

ட்யூபா நின்றுபோனது அவர் காதில் விழவே இல்லை.

“அப்பா! எங்க போறீங்க? அப்பா!”

வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஜோலின் மூச்சு வாங்க ஓடி வந்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் வரவும், ராட்னியின் முதுகு எதன்மேலோ டமாரென்று மோதவும் சரியாக இருந்தது. திரும்பினார். எதிர்ப் பக்கத்திலிருந்து தன் கூட்டத்தோடு பின்னோக்கி நடந்து வந்த டெக்ஸ்டர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றான்.

“அட, நீங்களா சார்!”

“அப்பா, இன்னும் கொஞ்ச நேரத்துல ஆல்டர் க்ரீக்ல மூடிடுவாங்க,” ஜோலினின் குரல் உடைந்தது. கட்டைவிரலைச் செல்போனுக்கு மேலே தயாராக வைத்திருந்தாள். “அமுக்கட்டுமா, வேண்டாமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. நான் எங்கேயும் இல்லாம போயிடுவேன்பா.”

ராட்னி மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் நீர் தளும்புவதைப் பார்த்தார். முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது.

“இரும்மா, தெரிஞ்சவனையே கேட்டுடுவோம்.” ஒரு கையால் டெக்ஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, என் பொண்ணோட வாழ்க்கை. மனசுல கை வச்சுச் சொல்லு. இந்த லிஸ்ட்ல எவ்வளவு நாள் இருந்தே? உன்னை எப்பக் கூப்பிட்டாங்க?”

டெக்ஸ்டர் ராட்னியின் சிவப்புச் சட்டையைப் பார்த்தான். மறு கையில் இன்னும் உயர்ந்தபடியே நிற்கிற செல்போனைப் பார்த்தான். அடுத்த கதைக்காகப் பொறுமையாக நிற்கிற அவருடைய கூட்டத்தைப் பார்த்தான். பிறகு ரொம்பப் பிரியமாகச் சொன்னான்:

“இன்னும் கூப்பிடலை சார். மூணு வருஷத்துக்கு முன்னால நானும் மணிக்கூண்டைப் படம் எடுக்கத்தான் பின்னால நடந்தேன்.”